உப்புப் பாத்தியும் எரிபஸ் மலையும்



போன வருஷம் ஒரு நாள் எங்கள் சிவில் வகுப்பில் எரிமலைப் பாறை பற்றிப் பாடம் நடந்தது. பாடம் என்றால் மொத்தம் மூன்று வரி. "பசால்ட் ஓர் எரிமலைப் பாறை. நிறம் கறுப்பு. ஜல்லிக்கு ஏற்றது." எழுதிக்கொண்டோம். நான் எழுந்து, "சார், அது ஏன் கறுப்பா இருக்கு? எல்லா எரிமலையிலயும் இதே கல்லுதான் வருமா?" என்று கேட்டுவிட்டேன். கடைசி பெஞ்சில் சிரிப்பு. "ரெண்டு மார்க் கேள்விக்கு இவ்வளவு போதும்ப்பா, உட்காரு" என்று பதில் வந்தது. வெளியே வந்ததும் நண்பன் ஒருவன் தோளில் கை போட்டுக்கொண்டு, "ஏலே, நீ என்ன எரிமலை மேலயா வீடு கட்டப் போற?" என்றான்.

கேள்வி கேட்டது தப்பா? ஒரு டிப்ளமோ மாணவனுக்கு எவ்வளவு தெரிந்தால் போதும் என்று முடிவு செய்வது யார்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லின் பெயரையும் நிறத்தையும் மனப்பாடம் செய்தால் மார்க் வரும். அந்தக் கல் எங்கிருந்து புறப்பட்டது, வழியில் எதை விட்டுவிட்டு வந்தது என்று தெரிந்தால்தான் அது படிப்பு. இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் உலகத்தின் கடைசி மூலையில் இருக்கிறது. அண்டார்டிகாவில்!

பனிக்குள் ஓர் அடுப்பு

அந்தச் சிரிப்பு மனசில் உறுத்தியதால் நூலகத்துக்குப் போனேன். ஒரு புத்தகத்தில் படம் ஒன்று. மலை முழுக்க வெள்ளைப் பனி. உச்சியில் மட்டும் புகை. அதன் பெயர் எரிபஸ். தென் துருவப் பகுதியில் ரோஸ் தீவில், ஏறக்குறைய 77½ டிகிரி தெற்கு அட்சரேகையில் நிற்கிறது. உயரம் 3,794 மீட்டர். 1841 ஜனவரியில் ஜேம்ஸ் கிளார்க் ரோஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் இரண்டு பாய்க்கப்பல்களில் அந்தப் பக்கம் போனபோது இந்த மலை புகைந்துகொண்டிருந்தது. தன் கப்பலின் பெயரையே மலைக்கு வைத்துவிட்டார். பக்கத்து மலைக்கு இரண்டாவது கப்பலின் பெயர், டெரர். பிறகு 1908 மார்ச்சில் ஷாக்கிள்டன் பயணக் குழுவைச் சேர்ந்தவர்கள் முதன்முதலாக எரிபஸ் உச்சிக்கு ஏறினார்கள். முன்னால் நின்று அழைத்துப் போனவர் எட்ஜ்வொர்த் டேவிட், ஒரு புவியியல் பேராசிரியர். அப்போது அவருக்கு வயது 50!

உச்சியில் இருக்கும் பள்ளத்துக்குள் கல் உருகி ஏரியாகக் கிடக்கிறது. 1972 முதல் விஞ்ஞானிகள் அதைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஏரியின் வெப்பம் சுமார் 1,000 டிகிரி செல்சியஸ். கரையில் நிற்பவருக்கோ கோடையிலேயே மைனஸ் 20-க்கும் கீழே. சில சமயம் ஏரிக்குள்ளிருந்து வாயுக் குமிழி வெடித்து, உருகிய கல்லை உருண்டை உருண்டையாக வெளியே வீசும்.

இனிதான் விஷயம். அந்த உச்சிக் கல்லின் பெயர் போனோலைட். 'ஒலிக்கும் கல்' என்று பொருள். இந்த வகைக் கல் பலகையைத் தட்டினால் கணீரென்று சத்தம் வருமாம், அதனால் அந்தப் பெயர். எரிபஸ் போனோலைட்டுக்குள் அனார்த்தோக்ளேஸ் என்ற படிகங்கள் இருக்கின்றன. சோடியமும் பொட்டாசியமும் கலந்த ஃபெல்ஸ்பார் அது. சில படிகங்கள் 10 சென்டிமீட்டர் நீளம், அதாவது நம் உள்ளங்கை நீளம்! சுற்றியிருக்கும் கண்ணாடி போன்ற பகுதி உதிர்ந்துபோக, இந்தப் படிகங்கள் மட்டும் எரிமலை வாயைச் சுற்றித் தரையெங்கும் இறைந்து கிடக்கின்றன.

ஆனால் அதே ரோஸ் தீவின் வேறு பகுதிகளில் கிடைப்பது பேசனைட் என்ற கல். கன்னங்கரேல், கனமான கல். பேசனைட்டில் சிலிக்கா 100-க்கு சுமார் 42 பங்கு. உச்சிப் போனோலைட்டில் சுமார் 55. பேசனைட்டில் மக்னீசியம் ஏராளம். போனோலைட்டில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. அதற்குப் பதில் சோடியம் ஆக்சைடு 9 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஒரே தீவு, ஒரே எரிமலைக் குடும்பம், இரண்டு கல்! இது எப்படி?

புத்தகத்தில் அதற்குக் 'படிகப் பிரிவு' என்று ஒரு பெயர் போட்டு, பக்கம் பக்கமாக விளக்கம் இருந்தது. நான்கு தடவை படித்தேன். புரியவில்லை. புரிய வைத்தது யார் தெரியுமா? எங்கள் அம்மா.

அம்மாவின் பாத்தி

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள். லீவு நாளில் நானும் கூடப் போவேன். அன்றைக்குக் கடைசிப் பாத்தியில் உப்பு வாரி முடித்தபின், மிச்சத் தண்ணீரை வெளியே திறந்துவிடச் சொன்னார்கள். "ஏம்மா, இன்னும் இவ்வளவு தண்ணி கிடக்கே. இதையும் காயவிட்டா உப்பு வருமே?" என்றேன்.

"எய்யா, அது கசப்புத் தண்ணி. அதுல வர்ற வேண்டிய உப்பெல்லாம் வந்துட்டு. இனிமே காயவிட்டா கெட்டதுதான் வரும். நல்ல உப்பையும் அது கெடுத்துரும்" என்றார்கள் அம்மா.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடல் தண்ணீர் ஒன்றுதான். வெயிலில் காயக் காய, முதலில் சுண்ணாம்பு படிகிறது. அப்புறம் ஜிப்சம். மீட்டரில் 25 டிகிரி வந்ததும் சாப்பாட்டு உப்பு. 29 டிகிரியைத் தாண்டிவிட்டால் மிஞ்சுவது மக்னீசியம் நிறைந்த கசப்புத் தண்ணீர். யாரும் அதில் கசப்பைக் கொண்டுவந்து கலக்கவில்லை. மற்றவை ஒவ்வொன்றாகப் படிந்து பிரிந்ததால், மிச்சத்தின் குணமே மாறிவிட்டது!

எரிபஸ் மலைக்கு அடியில் நடப்பதும் இதுதான். அங்கே வெயில் காய்ச்சுவதில்லை, சூடு ஆறுவதால் படிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆழத்திலிருந்து வருவது பேசனைட் குழம்பு. ஆற ஆற முதலில் ஆலிவின் என்ற பச்சைப் படிகம் படிகிறது. அது மக்னீசியத்தையும் இரும்பையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அப்புறம் பைராக்சின், அது கால்சியத்தையும் சேர்த்து இழுக்கிறது. பிறகு இரும்பும் டைட்டானியமும் கலந்த தாதுக்கள். கறுப்பு நிறம் கொடுக்கும் சரக்கெல்லாம் இப்படி அடியில் தங்கிவிடுகிறது. மிச்சக் குழம்பில் சோடியம், பொட்டாசியம், சிலிக்கா, அலுமினா ஏறிக்கொண்டே போகிறது. குழம்பில் நாலில் மூன்று பங்கு இப்படிப் படிந்து கழிந்தால், மிஞ்சும் கால் பங்குதான் போனோலைட். 1970-களில் ரோஸ் தீவில் துளையிட்டு எடுத்த கல் தூண்களில் இந்த வரிசையின் முதல் படிகளை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

"அது ஏன் கறுப்பா இருக்கு?" என்று நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இரும்பும் மக்னீசியமும் இன்னும் பிரியாமல் கூடவே இருக்கும் கல் கறுப்பு. பள்ளிக்கூடமே போகாத என் அம்மாவுக்கு இந்தத் தத்துவம் தெரியும். பெயர் மட்டும்தான் தெரியாது.

கல் உருகுவது எப்படி?

சரி, அந்தப் பேசனைட் குழம்பு எங்கிருந்து வந்தது? "பூமிக்குள்ளே எல்லாம் நெருப்புக் குழம்பு, ஓட்டை விழுந்த இடத்தில் வெளியே வருது" என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். தப்பு. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் என்ற பகுதி கெட்டியான கல். சூடு அதிகம்தான். ஆனால் மேலே இருக்கும் அழுத்தம் அதை உருக விடுவதில்லை. அதை உருக வைக்க வழி மூன்று. மூன்றுக்கும் அண்டார்டிகாவில் பேச்சு உண்டு.

முதல் வழி, அழுத்தத்தைக் குறைப்பது. வீட்டில் பிரஷர் குக்கரைப் பாருங்கள். உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் இருக்கும். வெயிட்டைச் சட்டென்று தூக்கினால் உள்ளே கொதித்துப் பொங்கும். அடுப்பைக் கூட்டவில்லை, அழுத்தம்தான் குறைந்தது. கண்டத் தட்டு இழுபட்டு மெலியும் இடத்தில் அடியிலிருக்கும் சூடான கல் மேலே ஏறுகிறது. அழுத்தம் குறைகிறது. ஒரு சிறு பங்கு உருகுகிறது. எரிபஸ் இருக்கும் ரோஸ் கடல் பகுதி அப்படி இழுபட்டு மெலிந்த பிளவு. மேற்கு அண்டார்டிகப் பிளவு என்று அதைச் சொல்கிறார்கள்.

இரண்டாவது வழி, தண்ணீர். ஐஸ் மேல் உப்புப் போட்டால் அது இன்னும் குறைந்த வெப்பத்திலேயே உருகும் அல்லவா? அதுபோல மேன்டில் கல்லுக்குள் தண்ணீர் புகுந்தால் அதன் உருகு வெப்பம் இறங்கிவிடும். கடல் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் நுழையும் இடத்தில் இது நடக்கும். அண்டார்டிகத் தீபகற்பத்துப் பக்கம் டிசெப்ஷன் என்று ஒரு தீவு. லாடம் போன்ற வடிவம். எரிமலையின் நடுக்குழிக்குள்ளேயே கப்பல் போய் நிற்கலாம். 1967, 1969, 1970 ஆண்டுகளில் வெடித்தது. சிலி நாட்டு நிலையமும் பிரிட்டிஷ் நிலையமும் அதில் சேதமாயின. அங்கே இழுபடும் பிளவும் உண்டு, பழைய தட்டு நுழைந்த சுவடும் உண்டு. கல்லின் ரசாயனத்தில் இரண்டும் தெரிகிறது.

மூன்றாவது வழி, அடியிலிருந்து கூடுதல் சூடு. பூமியின் ஆழத்திலிருந்து சூடான கல் தூண் போல எழும்பி வருவது. எரிபஸுக்கு அடியிலும் அப்படி ஒரு தூண் இருக்கிறதா என்பதில்தான் பெரிய சண்டை!

பூர்வீகம் சொல்லும் ஈயம்

ஒரு பக்கம், "பிளவு மட்டும் போதாது, அடியில் சூட்டுத் தூண் இருக்கிறது" என்கிறார்கள். ரோஸ் தீவுக்கு அடியில் நிலநடுக்க அலை மெதுவாகப் போகிறது என்பது அவர்கள் ஆதாரம். சூடான கல்லில் அலை மெதுவாகத்தான் போகும். மறு பக்கம், "தூண் வேண்டாம், பிளவும் பழைய மேன்டிலும் போதும்" என்கிறார்கள். அவர்கள் காட்டும் சாட்சி ஈயம்.

யுரேனியம் மிக மெதுவாகச் சிதைந்து ஈயமாக மாறும் என்று பிளஸ் டூ முடித்து வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கல்லில் எந்த வகை ஈயம் எவ்வளவு என்று அளந்தால், அதன் தாய்க் கல்லில் கோடிக்கணக்கான வருஷமாக யுரேனியம் எவ்வளவு இருந்தது என்று சொல்லிவிடலாம். எரிபஸ் கல்லில் யுரேனியம் கூடுதலாக இருந்த தாயின் ஈயம் தெரிகிறது. அதே ஜாடை மேற்கு அண்டார்டிகாவில் மேரி பேர்ட் நிலத்தில் தெரிகிறது. நியூசிலாந்திலும் தெரிகிறது! நியூசிலாந்து அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்து 8 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு தூரம் விலகிப்போன நிலங்களுக்கு அடியில் ஒரே தூண் எப்படி நிற்கும்? ஆகவே, நிலங்கள் பிரிவதற்கு முன்பே அந்தக் குணம் மேன்டிலில் ஏறியிருக்க வேண்டும், பிரிந்த துண்டு ஒவ்வொன்றும் அதைத் தன்னோடு எடுத்துப் போயிருக்க வேண்டும் என்பது இவர்கள் வாதம்.

இன்னொன்றும் பாருங்கள். 1908-ல் ஏறியவர்கள் கண்ட எரிபஸ் கல்லுக்கு அந்தக் காலத்தில் 'கெனைட்' என்று பெயர். ஆப்பிரிக்காவில் கென்யா மலையில் கிடைத்த கல்லுக்கு வைத்த பெயர் அது. பூமத்திய ரேகையில் ஒரு மலை, துருவத்தில் ஒரு மலை. கல் மட்டும் ஒரே ஜாடை! கென்யா இருப்பதும் இழுபட்டுப் பிளக்கும் கண்டத்தின் மேலேதான். மேலே பனியா, வெயிலா என்பது கல்லுக்கு ஒரு பொருட்டே இல்லை.

நான் எந்தக் கட்சி? பிளவுக் கட்சிதான். ஈயம் சொல்லும் சாட்சி எனக்குப் பலமாகப் படுகிறது. அதற்காக அலை சொல்வதைப் பொய் என்று தள்ளவும் முடியாது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், பூமிக்குள் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்று அளந்து, எரிபஸின் குழாய் மேன்டில் வரைக்கும் இறங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். எரிபஸ் குழம்பில் தண்ணீர் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம். தண்ணீர் நிறைந்த குழம்பு மேலே வரும் வழியிலேயே ஆவியை விட்டுவிட்டு இறுகி நின்றுவிடும். கார்பன் டை ஆக்சைடு உள்ள குழம்பு இறுகாமல் மேலே வந்து சேரும். அதனால்தான் உச்சியில் ஏரி நிற்கிறது என்கிறார்கள். இப்படி ஒவ்வொரு புது அளவும் பழைய பதிலைத் திருத்துகிறது. மூன்று வரி நோட்ஸில் திருத்த என்ன இருக்கிறது?

நமக்கு என்ன லாபம்?

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "எரிபஸ் புகையில தங்கத் தூள் வருதுலே, 1991-லயே கண்டுபிடிச்சிட்டாங்க. நாளைக்குச் சுமார் 80 கிராம்" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அது மாவை விடப் பொடி. காத்துல நூத்துக்கணக்கான மைலுக்குப் பரவிப் போயிருது" என்றதும் மறுபடி சாய்ந்துவிட்டான். லாபம் என்றால் கையில் கிடைப்பது என்றே நாம் பழகிவிட்டோம்.

சரி, கையில் கிடைப்பதையே பேசுவோம். கான்கிரீட் போட்டுப் பல வருஷம் கழித்து வலை வலையாக விரிசல் விடுவது உண்டு. கம்பி சரி, சிமென்ட் சரி, கலவை சரி. குற்றவாளி ஜல்லி! எரிமலைக் கண்ணாடி போன்ற சில வகைச் சிலிக்கா, சிமென்டில் உள்ள காரத்தோடு சேர்ந்து ஒரு பசையை உண்டாக்கும். அது தண்ணீரை உறிஞ்சி உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். 1940-ல் அமெரிக்காவில் தாமஸ் ஸ்டான்டன் என்ற என்ஜினியர் இதை வெளியிட்டார். "எரிமலைப் பாறை ஜல்லிக்கு ஏற்றது" என்ற ஒரு வரியை நம்பி வேலை பார்க்கிறவன் இந்த விரிசலுக்கு முன்னால் விழித்துக்கொண்டு நிற்பான். எந்த எரிமலைப் பாறை, அதில் என்ன சரக்கு என்று கேட்கப் பழகியவன் தப்பித்துக்கொள்வான்.

அண்டார்டிகா நமக்கு எட்டாத ஊர் என்றும் நினைக்க வேண்டாம். 1981-ல் புறப்பட்ட முதல் இந்தியப் பயணம் தொடங்கி நம் நாட்டவர் அங்கே போய் வருகிறார்கள். 1989-ல் மைத்ரி நிலையமும் 2012-ல் பாரதி நிலையமும் வந்தன. அவை எரிபஸிலிருந்து வெகு தூரம்தான். ஆனால் ஒரு நிலையம் குளிர்காலத்தைத் தாண்ட விஞ்ஞானி மட்டும் போதாது. ஜெனரேட்டர் பார்க்க, வண்டி பழுது பார்க்க, மின்சாரம், குழாய் பார்க்கத் தொழில் தெரிந்தவர்களும் அங்கே போகிறார்கள். அது நம் வேலை அல்லவா, நண்பர்களே?

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

எங்கள் துறையின் லேபில் ஒரு பூட்டிய பீரோ இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே கல் மாதிரிகள். சீட்டு ஒட்டி, எண் போட்டு, தூசி படிந்து கிடக்கின்றன. மூன்று வருஷம் படித்துவிட்டு, அதில் ஒரு கல்லைக்கூடக் கையில் தூக்கிப் பார்க்காமல் எத்தனை பேர் வெளியே போயிருப்பார்கள்? மாணவர் பேரவை அந்தச் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும். வாரத்தில் அரை மணி நேரம் போதும். ஒரு கல்லை எடுத்து மேஜை மேல் வைப்போம். இது எங்கே உருகியது, எதை இழந்தது, எதைத் தாங்கும் என்று நாமே கேட்போம். தெரிந்த ஆசிரியர் சொல்லட்டும். தெரியாதபோது எல்லோரும் சேர்ந்து தேடுவோம். மார்க் வராது. பரவாயில்லை.

எங்களைப் போல வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களிடம், "உனக்கு இது போதும்" என்று சொல்வது ரொம்ப சுலபம். அக்கறையோடும் சொல்வார்கள். சீக்கிரம் முடி, வேலைக்குப் போ, வீட்டைப் பார். வீட்டைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் போதும் என்ற அளவை நானே வைத்துக்கொள்கிறேனே!

போன மாதம் ஊருக்குப் போனபோது எரிபஸ் கதையை அம்மாவிடம் சொன்னேன். படியப் படிய மிச்சம் மாறுகிற கதைதான். கேட்டுவிட்டு, "அப்ப அங்கயும் நம்ம பாத்தி மாதிரிதானா?" என்றார்கள். "ஆமாம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள்.

"நம்ம கசப்புத் தண்ணியத் தூரக் கொட்டுதோம். அங்க மிஞ்சுனதுல போயி அவ்வளவு பெரிய கல்கண்டு எப்படிய்யா விளைஞ்சுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். பின் பெஞ்சு நண்பர்களே, இந்தக் கேள்விக்கும் சிரிப்பீர்களா?

— மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு